பிரசவ நேரத்து மயக்க மருந்துகள் தாயின் உடலிலும் சிசுவின் உடலிலும் என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவ வலி குறைய முதுகில் ஊசி போட்டுக்கொள்ளலாமா, சிசேரியனுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வதா அல்லது முழுமயக்கம் கொடுப்பதா என்ற பேச்சு எழும்போதெல்லாம், தாயும் உடன் இருப்பவர்களும் முதலில் கேட்பது "குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே?" என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குள் பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்து, மருந்தியல் அவற்றுக்குத் தரும் விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்துகளின் போக்கைப் புரிந்துகொள்வதற்காக எழுதப்பட்ட பக்கம் இது. இதில் உள்ள அளவுகளை யாரும் தமக்கான பரிந்துரையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தாய்க்குக் கொடுக்கும் மயக்க மருந்து குழந்தையைச் சென்றடையுமா?

சென்றடையும். ஒரு சிலவற்றைத் தவிர, மயக்கவியலில் பயன்படும் ஏறக்குறைய எல்லா மருந்துகளும் நஞ்சுக்கொடியைக் கடக்கின்றன. அந்த உறுப்பின் பெயரிலேயே 'நஞ்சு' இருப்பதாலோ என்னவோ, தாயின் ரத்தத்தில் உள்ள தீயதையெல்லாம் வடிகட்டித் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் சல்லடை என்று அதை நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஒரு பரிமாற்ற இடம். ஆக்சிஜனும் உணவும் எந்த மெல்லிய படலத்தைத் தாண்டிக் குழந்தையிடம் செல்கின்றனவோ, அதே படலத்தைத்தான் மருந்தும் தாண்டுகிறது.

ஆகவே "போகுமா, போகாதா?" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எவ்வளவு போகிறது, பிறப்பதற்கு எவ்வளவு நேரம் முன்பு போகிறது, கொடி அறுபட்ட பிறகு குழந்தை அதைத் தானே வெளியேற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்பவைதான் பயனுள்ள கேள்விகள். இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வேன்: அந்த மருந்து தாயின் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் என்ன செய்கிறது? குழந்தைக்கு நேரும் தீங்கில் பெரும் பகுதி மருந்து நேராகக் குழந்தையின் உடலில் வேலை செய்வதால் வருவதன்று. தாயின் ரத்த ஓட்டம் தடுமாறுவதால் வருவது.

எந்த மருந்து எவ்வளவு கடக்கும் என்பதை எது தீர்மானிக்கிறது?

மருந்து மூலக்கூறின் அளவு, கொழுப்பில் கரையும் தன்மை, மின்னூட்டம், ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் அளவு, இரு பக்கத்துச் செறிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஆகியவை சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. மூலக்கூறு எடை 500 டால்டனுக்குக் குறைவாக இருந்தால் கடப்பது எளிது. மயக்க மருந்துகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் அடங்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற பெரிய மூலக்கூறுகள் கடப்பதில்லை.

புரதத்தோடு ஒட்டுவதைப் பற்றி ஒரு குழப்பம் பாடநூல் படிப்பவர்களிடமும் இருக்கிறது. பியூபிவக்கைன் என்னும் மரத்துப்போகச் செய்யும் மருந்து தாயின் ரத்தத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. குழந்தையின் ரத்தத்தில் அந்தப் புரதமே குறைவு. பிறக்கும் நேரத்தில் இரு ரத்தங்களையும் எடுத்து அளந்தால், குழந்தையிடம் இருப்பது தாயிடம் இருப்பதில் 0.2 முதல் 0.4 பங்குதான், அதே வகை மருந்தான லிக்னோகைனுக்கு அது 0.5 முதல் 0.7 வரை இருக்கும். இந்த எண்களைக் காட்டிப் பியூபிவக்கைன் குறைவாகவே கடக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அளக்கப்பட்டது ஒட்டியதும் ஒட்டாததும் சேர்ந்த மொத்தம். நரம்பிலும் இதயத்திலும் வேலை செய்வது ஒட்டாமல் தனித்திருக்கும் பகுதி. அது இரு பக்கமும் ஏறக்குறைய சமநிலைக்கு வந்துவிடும். மொத்த அளவு குறைவாக இருப்பது குழந்தையின் ரத்தத்தில் புரதம் குறைவு என்பதைக் காட்டுகிறதே ஒழிய, குழந்தைக்குக் கிடைத்த காப்பைக் காட்டவில்லை.

கடக்காத மருந்துகள் எவை?

தசைகளைத் தளர்த்தும் மருந்துகளான சக்சமெத்தோனியம், ரோகுரோனியம், வெக்குரோனியம் போன்றவை எப்போதும் மின்னூட்டத்தோடு இருப்பதால், வழக்கமான அளவில் குழந்தையைப் பாதிக்கும்படி கடப்பதில்லை. தாயின் கைகால்கள் அசைய முடியாமல் கிடக்கும்போதும் குழந்தை கைகால்களை உதைத்துக்கொண்டு பிறப்பதற்கு இதுவே காரணம். இதயத் துடிப்பு குறைந்துவிடாமல் காக்கும் கிளைக்கோபைரோலேட் கடப்பதில்லை, அதே வேலையைச் செய்யும் அட்ரோபின் கடக்கும். தசைத் தளர்ச்சியை மாற்றுவதற்காகக் கொடுக்கும் நியோஸ்டிக்மின் ஓரளவு கடந்து குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடும். ஆகவே கர்ப்பிணிக்கு வேறு ஏதோ அறுவை செய்து, குழந்தை வயிற்றிலேயே தொடர்ந்து இருக்கப்போகும் நிலையில், நியோஸ்டிக்மினோடு கிளைக்கோபைரோலேட்டுக்குப் பதிலாக அட்ரோபினைச் சேர்ப்பவர்கள் உண்டு.

தாய் முழுமயக்கத்தில் இருக்கும்போது குழந்தை எப்படி அழுதுகொண்டே பிறக்கிறது?

மருந்தியல் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்க விரும்பும் கேள்வி இது.

முழுமயக்கத்தில் செய்யும் சிசேரியனில் வேலை நடக்கும் வரிசையைப் பாருங்கள். தாய் விழித்திருக்கும்போதே வயிற்றைத் துடைத்து, துணி போர்த்தி, அறுவை மருத்துவர் கையைக் கழுவித் தயாராக நின்றுவிடுகிறார். தாயின் முகத்தில் முகமூடியை இறுக்கமாகப் பொருத்தி, மூன்று நிமிடம் ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். பிறகுதான் தூங்கவைக்கும் தயோபென்டோன் அல்லது புரோபோஃபால் ரத்தநாளத்தில் செலுத்தப்படுகிறது, உடனே சக்சமெத்தோனியம், மூச்சுக்குழாயில் குழாய் ஏறியது உறுதியானதும் "தொடங்கலாம்" என்று மயக்க மருத்துவர் சொல்கிறார். தூங்கவைத்து, பிறகு நிதானமாகத் துடைத்துத் துணி போர்த்தினால், அந்தப் பத்து நிமிடமும் குழந்தை வீணே மருந்தில் ஊறும்.

தயோபென்டோன் ஒரு நிமிட அளவிலேயே தொப்புள்கொடி ரத்தத்தில் தென்பட்டுவிடுகிறது. ஆயினும் கிலோவுக்கு 4 முதல் 5 மில்லிகிராம் வரையிலான அளவில் குழந்தை பொதுவாகத் துவள்வதில்லை. காரணங்கள் பல. தாயின் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறிய மருந்து, மூளையிலிருந்து தசைகளுக்குப் பரவி மிக விரைவில் சரிந்துவிடுகிறது. அதனால் நஞ்சுக்கொடிக்கு வரும் செறிவும் சரிகிறது. கடந்து வந்த ரத்தம் நேராகக் குழந்தையின் மூளைக்குப் போவதில்லை. தொப்புள் நாளத்தின் ரத்தத்தில் ஒரு பகுதி முதலில் ஈரலுக்குள் நுழைகிறது, அங்கே மருந்தின் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. ஈரலைத் தவிர்த்து வரும் மீதி ரத்தமும், குழந்தையின் கால்களிலிருந்தும் குடலிலிருந்தும் திரும்பும் மருந்தில்லாத ரத்தத்தோடு கலந்து நீர்த்துவிடுகிறது. தாயின் மூளையைத் தூங்கவைக்கப் போதுமான மருந்து, குழந்தையின் மூளையை அடையும்போது தூங்கவைக்கப் போதாததாகிவிடுகிறது. அளவை இரட்டிப்பாக்கினால் இந்தக் காப்பு உடைந்துவிடும்.

மூச்சுவழி கொடுக்கும் செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் ஆகியவை தொடர்ந்து கடந்துகொண்டே இருப்பதால், நேரம் கூடக் கூடக் குழந்தையிடம் சேரும் அளவும் கூடும். இவை கருப்பைத் தசையையும் அளவுக்கேற்பத் தளர்த்துவதால், குழந்தை வெளியே வந்த பிறகு அளவைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கருப்பை சுருங்காமல் ரத்தப்போக்கு கூடும். இன்னொரு நேரக் கணக்கும் இருக்கிறது: கருப்பையில் கத்தி பட்டதிலிருந்து குழந்தை வெளியே வரும்வரை மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால், எந்த வகை மயக்கமாக இருந்தாலும், குழந்தையின் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவதைக் காண்கிறோம். அந்த மூன்று நிமிடத்தில் பழி மருந்தின் மேல் இல்லை. கருப்பையைக் கையாளும்போது அதன் ரத்த ஓட்டம் குறைவதன் மேல்தான்.

ஆக்சிஜன் குறைந்து தவிக்கும் சிசுவிடம் மருந்து கூடுதலாகச் சேரும் என்பது உண்மையா?

உண்மை, மரத்துப்போகச் செய்யும் மருந்துகளுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். அவை காரத்தன்மை உள்ளவை. மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்கும் பகுதி மட்டுமே படலத்தைத் தாண்டும். அமிலம் கூடிய இடத்தில் அந்த மருந்து மின்னூட்டம் பெற்றுத் திரும்பி வர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

லிக்னோகைனை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும். லிக்னோகைனின் பிகேஏ, அதாவது அதில் பாதி மின்னூட்டத்தோடும் பாதி மின்னூட்டமின்றியும் இருக்கும் பிஎச், 7.9. தாயின் ரத்தத்தில் பிஎச் 7.4, அங்கே 24 விழுக்காடு மின்னூட்டமின்றி இருக்கும். நலமாக உள்ள சிசுவின் பிஎச் 7.3 என்று வைத்துக்கொண்டால் அந்தப் பங்கு 20 விழுக்காடு. தவிக்கும் சிசுவின் பிஎச் 7.0 என்றால் 11 விழுக்காடுதான். மின்னூட்டமில்லாத பகுதி இரு பக்கமும் சமமாகும்வரை மருந்து நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், புரதத்தில் ஒட்டியதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நலமான சிசுவிடம் தாயைப்போல் 1.2 மடங்கும், தவிக்கும் சிசுவிடம் 2 மடங்குக்குச் சற்று மேலும் மருந்து சேர இடமுண்டு. மருந்தைத் தாங்கும் வலு குறைந்த குழந்தைக்குத்தான் கூடுதல் மருந்து போய்ச் சேர்கிறது என்பது இதில் உள்ள கொடுமை.

இத்தகைய நிலையில் அவசரமாக எபிடியூரல் வழியே, அதாவது முதுகெலும்புக்குள் தண்டுவட நீருக்கு வெளியே உள்ள இடத்தில் வைத்த குழாய் வழியே, மருந்தைக் கூட்ட வேண்டியிருந்தால், குளோரோபுரோகைன் கிடைக்கும் இடங்களில் பலர் அதையே தேர்கிறார்கள். ரத்தத்தில் உள்ள நொதி அதை உடனுக்குடன் சிதைத்துவிடும். தாயின் ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது மருந்து பாதியாகக் குறையும் நேரம், நிமிடக் கணக்கில்கூட இல்லை, வினாடிக் கணக்கில்தான். மாட்டிக்கொள்ள மருந்தே மிஞ்சுவதில்லை.

கர்ப்பிணிக்கு ஏன் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருக்கிறது?

மூச்சுவழி மயக்க மருந்தின் தேவை கர்ப்ப காலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைகிறது. முதுகுத்தண்டில் கொடுக்கும் மருந்தும் அதேபோல் குறைவாகவே வேண்டியிருக்கிறது. பெரிதான கருப்பை வயிற்று நாளங்களை அழுத்துவதால், முதுகெலும்புக்குள் இருக்கும் நாளங்கள் புடைத்து, தண்டுவட நீர் இருக்கும் இடம் சுருங்குகிறது. ஹார்மோன் மாற்றத்தால் நரம்புகளும் மருந்துக்கு எளிதில் வசப்படுகின்றன.

கூடவே மயக்கத்தை ஆபத்தாக்கும் மாற்றங்களும் உண்டு. மூச்சை வெளிவிட்ட பிறகு நுரையீரலில் எஞ்சும் காற்று ஏறக்குறைய 20 விழுக்காடு குறைகிறது. ஆக்சிஜன் செலவோ ஏறக்குறைய அதே அளவு கூடுகிறது. இருப்பு குறைந்து செலவு கூடிய வீட்டின் கதைதான். மூச்சு நின்றால் ஆக்சிஜன் மளமளவென்று சரியும். முன்சொன்ன மூன்று நிமிட ஆக்சிஜன் இதற்காகத்தான். இரைப்பையின் மேல்வாய் தளர்ந்திருப்பதால், உள்ளே இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும் அபாயமும் கூடுதல். 1946-இல் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்னும் அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் இதை விரிவாக எழுதியதிலிருந்துதான் பிரசவ அறையில் வயிற்றைக் காலியாக வைத்திருக்கும் வழக்கம் வலுப்பெற்றது.

ஸ்பைனல், எபிடியூரல் இரண்டில் குழந்தைக்குக் குறைவாகப் போவது எது?

மருந்தின் அளவை மட்டும் பார்த்தால் ஸ்பைனல். தண்டுவட நீருக்குள்ளேயே மருந்தைச் செலுத்துவதால், சிசேரியனுக்கு 0.5 விழுக்காடு பியூபிவக்கைன் 2 மில்லிலிட்டர், அதாவது 10 மில்லிகிராம், கிட்டத்தட்டப் போதும். அதே அறுவையை எபிடியூரலில் செய்வதானால், நீருக்கு வெளியே உள்ள இடத்தை நிரப்ப அதே மருந்து 20 மில்லிலிட்டர் வரை வேண்டியிருக்கும். அது 100 மில்லிகிராம். பத்து மடங்கு. எபிடியூரல் இடத்தில் நாளங்கள் மிகுதியாக இருப்பதால் அது ரத்தத்திலும் கலக்கும்.

வலி குறைப்பதற்கான எபிடியூரலின் கணக்கு வேறு. அதில் 0.1 விழுக்காட்டுப் பியூபிவக்கைனோடு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்னும் வலிநிவாரணியைச் சேர்த்து, மணிக்கு 10 மில்லிலிட்டர் அளவில் செலுத்தினால், ஒரு மணி நேரத்தில் தாய்க்குப் போவது 10 மில்லிகிராம் பியூபிவக்கைனும் 20 மைக்ரோகிராம் ஃபென்டனிலும்தான். இந்த அளவு குழந்தையின் மூச்சைப் பொதுவாகக் குறைப்பதில்லை.

வலியைத் தணிக்காமல் விடுவதற்கும் குழந்தை விலை கொடுக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடும் வலியில் தாய் வேகவேகமாக மூச்சுவிடும்போது அவரது ரத்தத்தில் காரத்தன்மை கூடி, ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்கிறது. குழந்தைக்கு விட்டுக்கொடுப்பது குறைகிறது. வலியால் சுரக்கும் அட்ரினலின் வகைப் பொருள்கள் கருப்பையின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன. நன்றாக வேலை செய்யும் எபிடியூரல் இவ்விரண்டையும் தணிக்கிறது.

ஸ்பைனல் போட்டதும் ரத்த அழுத்தம் விழுகிறதே, அது குழந்தையைப் பாதிக்காதா?

பாதிக்கும். ஸ்பைனலில் குழந்தைக்கு உள்ள உண்மையான அபாயமே இதுதான். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் வரை ரத்தம் பாய்கிறது. மூளையைப் போலவோ சிறுநீரகத்தைப் போலவோ, அழுத்தம் குறையும்போது தன் பங்கைத் தக்கவைத்துக்கொள்ளும் திறன் கருப்பைக்கு இல்லை. தாயின் அழுத்தம் விழுந்தால் குழந்தையின் ஆக்சிஜனும் கூடவே விழும். தாய்க்கு முதலில் குமட்டல் வரும். அந்தக் குமட்டலை வெறும் வயிற்றுக் கோளாறாக எடுத்துக்கொள்ளாமல், மயக்க மருத்துவர் அழுத்தமானியைப் பார்ப்பார்.

தாயை இடப்பக்கம் சற்றுச் சாய்த்து வைப்பது, ரத்தநாளத்தில் திரவம் ஏற்றுவது, ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்தைத் தொடக்கத்திலிருந்தே செலுத்துவது ஆகியவை தடுப்பு முறைகள். இதில் எந்த மருந்தைத் தேர்வது என்பதில் கடந்த சில பத்தாண்டுகளில் கருத்து தலைகீழாக மாறியது. விலங்குகளில் செய்த பழைய சோதனைகளை வைத்து, கருப்பையின் ரத்த ஓட்டத்தைக் குறைக்காது என்று எஃபிட்ரினையே நீண்ட காலம் போற்றினார்கள். ஆனால் எஃபிட்ரின் நஞ்சுக்கொடியைக் கடந்து, குழந்தையின் வளர்சிதை மாற்றத்தையே முடுக்கிவிடுகிறது; தொப்புள்கொடி ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுதலாக இருப்பதைத் தாய்மார்களிடம் செய்த ஆய்வுகள் காட்டின. ஃபினைலெஃப்ரின் கொடுத்தவர்களின் குழந்தைகளிடம் அப்படி இல்லை. இன்று ஃபினைலெஃப்ரின்தான் முதல் தேர்வு. தாயின் இதயத் துடிப்பை அது குறைக்கக்கூடும். துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருக்கும்போது எஃபிட்ரினுக்கு இன்னும் இடமுண்டு. கடக்கும் மருந்து, கடக்காத மருந்து என்ற பிரிவு எங்கே உண்மையாகவே பயன்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வலிக்குப் போடும் பெத்திடின் ஊசி குழந்தையை மந்தமாக்குமா?

ஆக்கலாம், எப்போது போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. தசையில் போட்ட பெத்திடின் தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குச் சென்று சேரச் சிறிது நேரம் எடுக்கும். ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் பிறந்த குழந்தையிடம் மருந்து அதிகம் சேர்ந்திருக்காது. இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் பிறந்தால் சேர்க்கை உச்சத்தில் இருக்கும். நான்கு மணி நேரம் தாண்டினால், குழந்தையிடம் இருந்ததில் ஒரு பகுதி தாயிடமே திரும்பியிருக்கும். ஊசி போட்டு நீண்ட நேரமாகிவிட்டால் ஆபத்து மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே அது முதலில் ஏறி, பிறகுதான் இறங்குகிறது. சிக்கல் என்னவென்றால், குழந்தை எப்போது பிறக்கும் என்பதை ஊசி போடும்போது யாராலும் சொல்ல முடியாது.

மருந்தின் ஆயுளும் கவனிக்கத் தக்கது. தாயின் உடலில் பெத்திடினின் அரை ஆயுள் மூன்று, நான்கு மணி நேரம்; பிறந்த குழந்தையின் உடலில் அது ஏறக்குறைய 20 மணி நேரம். பெத்திடின் சிதைந்து உண்டாகும் நார்பெத்திடினுக்கும் மருந்துவேலை உண்டு. குழந்தையிடம் அதன் அரை ஆயுள் 60 மணி நேரம் வரை நீளும். முதல் நாள் மூச்சு நன்றாக இருந்தாலும், இரண்டாம் மூன்றாம் நாள்களில் குழந்தை பால் குடிக்க மந்தமாக இருப்பதற்கு இது காரணமாகலாம்.

சிரிப்பூட்டும் வாயு, ரெமிஃபென்டனில் ஆகியவை எப்படி?

நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சம அளவில் கலந்த வாயுவைத் தாயே முகமூடியைப் பிடித்துக்கொண்டு இழுப்பது பழைய, எளிய முறை. அதன் வேலை உச்சத்தை எட்ட ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும் என்பதால், வலி தொடங்கிய பிறகு இழுத்தால் பயன் பாதிதான். வலி வரும் அறிகுறி தெரிந்தவுடனே தொடங்க வேண்டும். குழந்தை மூச்சுவிடத் தொடங்கியதும் அந்த வாயு நுரையீரல் வழியே வெளியேறிவிடும். வலியைக் குறைக்கும் வலு எபிடியூரலோடு ஒப்பிடத் தக்கதன்று.

ரத்தநாளத்தில் செலுத்தும் வலிநிவாரணியான ரெமிஃபென்டனில் நஞ்சுக்கொடியைத் தாராளமாகக் கடக்கும். ஆனால் ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதிகள் அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடுகின்றன. பிறந்த குழந்தையிடமும் அந்த நொதிகள் தயாராகவே இருக்கின்றன. இங்கே அபாயம் தாயின் பக்கம். மூச்சு திடீரென நின்றுவிடக்கூடும் என்பதால், ஒரு தாய்க்கு ஒரு செவிலியர் என்று இடைவிடாமல் அருகில் இருந்து பார்க்க முடியாத இடத்தில் இதைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

குழந்தை மூச்சுவிடாவிட்டால் நலோக்சோன் ஊசி போட்டால் போதாதா?

போதாது; அது முதல் வேலையும் அன்று. நலோக்சோன் என்பது பெத்திடின் போன்ற ஓபியாய்டு, அதாவது அபின் வகை, வலிநிவாரணிகளின் வேலையை முறிக்கும் மருந்து. துடைத்துச் சூடாக வைத்து, தலையை நேராக்கி, முகமூடியும் பையும் கொண்டு நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சைக் கொடுப்பதுதான் முதல் வேலை. பிறந்த ஒரு நிமிடத்துக்குள் அது தொடங்கியிருக்க வேண்டும். மருந்தால் மந்தமான குழந்தையின் இதயம் பொதுவாக நன்றாகவே இருக்கும். மூச்சைக் கொடுத்தால் நிறம் மாறிவிடும். நலோக்சோன் பெத்திடினைவிட விரைவில் தீர்ந்துபோவதால், எழுந்த குழந்தை மீண்டும் மந்தமாகலாம். தாய் ஓபியாய்டு மருந்துகளுக்குப் பழகியவராக இருந்தால் குழந்தைக்கு நலோக்சோன் கொடுக்கவே கூடாது; திடீரென மருந்து பறிக்கப்பட்ட நிலை வந்து வலிப்பு வரலாம்.

பிறந்த குழந்தை மருந்தைத் தானே வெளியேற்ற முடியுமா?

முடியும், மெதுவாக. கொடி அறுபடும்வரை குழந்தையின் கழிவு நீக்கத்தைத் தாயின் ஈரலும் சிறுநீரகமும் செய்துகொடுத்தன. அறுபட்ட பிறகு, முழுதாக முதிராத தன் ஈரலை வைத்துத்தான் அது சமாளிக்க வேண்டும். மார்பின் என்னும் வலிநிவாரணியை நீரில் கரையும்படி மாற்றும் நொதி வேலை குழந்தையிடம் குறைவு. வடிகட்டும் சிறுநீரகத்தின் திறனும் குறைவு. லிக்னோகைனின் அரை ஆயுள் பெரியவர்களிடம் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க, பிறந்த குழந்தையிடம் மூன்று மணி நேரத்தை ஒட்டி இருக்கிறது. பதற்றம் தணிக்கும் டயசிபாமோ நாள்கணக்கில் தங்கும். தாய்க்கு அதிக அளவில் கொடுத்திருந்தால் குழந்தை துவண்டு, உடல் சூட்டைக் காக்க முடியாமல், பாலை இழுத்துக் குடிக்கவும் முடியாமல் இருப்பதைக் காணலாம். நொதி எங்கே இருக்கிறது என்பதே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: ஈரலை நம்பும் மருந்து தங்கும், ரத்த நொதியால் சிதையும் மருந்து போய்விடும்.

அப்கார் மதிப்பெண் மயக்க மருந்தின் விளைவை அளக்கிறதா?

பிறந்தவுடன் குழந்தைக்குத் தரும் அந்த மதிப்பெண்ணை உருவாக்கியவர் மயக்க மருத்துவர்தான். வர்ஜீனியா அப்கார் 1953-இல் வெளியிட்ட அந்த முறையில் இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டலுக்குப் பதில், நிறம் ஆகிய ஐந்துக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண் தரப்படுகிறது. இது குழந்தையின் அப்போதைய நிலையைச் சொல்லும். அந்த நிலைக்குக் காரணம் மருந்தா, ஆக்சிஜன் குறைவா என்பதைச் சொல்லாது. அதற்குத் தொப்புள்கொடித் தமனி ரத்தத்தின் அமிலத்தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதிப்பெண் குறைந்தும் பிஎச் நன்றாகவே இருந்தால் மருந்தின் மேல் ஐயம் கொள்ளலாம்.

மரத்துப்போகும் மருந்து தவறி ரத்தத்தில் கலந்துவிட்டால்?

உதட்டைச் சுற்றி மரத்தல், காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை ஆகியவை முதல் அறிகுறிகள், பிறகு வலிப்பு. பியூபிவக்கைன் இதயத்தையும் நிறுத்தக்கூடியது. 0.75 விழுக்காட்டுப் பியூபிவக்கைனால் தாய்மார்களின் இதயம் நின்ற நிகழ்வுகளுக்குப் பிறகு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தச் செறிவை மகப்பேற்று மயக்கத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று 1984-இல் அறிவித்தது. இன்று 20 விழுக்காட்டுக் கொழுப்புக் குழம்பை, கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர் அளவில் ரத்தநாளத்தில் செலுத்துவது சிகிச்சையின் முக்கியப் பகுதி. எபிடியூரல் போடும் அறையில் அந்தக் குப்பி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மருந்தைச் சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் நிறுத்தித் தாயிடம் பேச்சுக் கொடுத்தபடி செலுத்துவதும் இதற்காகவே.

எபிடியூரல் போட்டால் சிசேரியனில் முடியும் என்கிறார்களே?

சோதனைகளின் தொகுப்பாய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. குழந்தையைத் தள்ளும் கட்டம் ஓரளவு நீளலாம். தாய்க்குக் காய்ச்சல் வருவதும் சற்று அதிகம். நீண்ட நாள் முதுகுவலிக்கும் எபிடியூரலுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை.

மயக்க மருந்து கொடுத்த பிறகு எப்போது பால் கொடுக்கலாம்?

தாய் விழித்து, குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்ததும் கொடுக்கலாம். முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடச் சொல்லும் பழக்கத்துக்கு மருந்தியலில் ஆதாரம் இல்லை. முதல் நாளில் சுரக்கும் சீம்பாலே சில கரண்டி அளவுதான். அதில் கலக்கும் புரோபோஃபாலோ பியூபிவக்கைனோ மிகச் சொற்பம், அதிலும் குடல்வழி உறிஞ்சப்படுவது இன்னும் குறைவு. தாயின் அளவோடு ஒப்பிட்டுக் குழந்தைக்குக் கிடைப்பது 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் பொதுவாகப் பாதுகாப்பானது என்று கொள்கிறார்கள். பெரும்பாலான மயக்க மருந்துகள் அதற்கும் வெகு கீழே நிற்கின்றன.

விலக்குகள் கோடீன், டிராமடால் என்னும் வலிநிவாரணிகள். சிலருடைய ஈரல் கோடீனை மிக வேகமாக மார்பினாக மாற்றுகிறது. அது பாலில் மிகுந்து குழந்தையின் மூச்சைக் குறைக்கும். பாலூட்டும் தாய்மார்கள் இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டும் என்று 2017-இல் அதே அமெரிக்க அமைப்பு எச்சரித்தது. பெத்திடினைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதும் நல்லதன்று.

குழந்தையின் மூளை வளர்ச்சியை இவை பாதிக்குமா?

விலங்குக் குட்டிகளில் நீண்ட நேர மயக்கம் மூளை அணுக்களைப் பாதிப்பது தெரிந்ததால், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உள்ளவர்களுக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேலான அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தைப் பற்றி 2016-இல் எச்சரிக்கை வெளியானது. சிசேரியனில் குழந்தை பிறக்கும்வரையான நேரம் நிமிடக் கணக்கில்தான். கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக மயக்கம் கொடுத்து, ஐந்து வயதில் அறிவுத்திறனைச் சோதித்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. விழித்த நிலையில் மரத்துப்போகும் ஊசியோடு அறுவை செய்யப்பட்ட குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே எவற்றைச் சொல்ல வேண்டும்?

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியைக் கடைசியாக எப்போது, எந்த அளவில் போட்டார்கள் என்பதை மணியோடு சொல்ல வேண்டும். குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் தடுப்பு அளவில் என்றால் 12 மணி நேரமும், சிகிச்சை அளவில் என்றால் 24 மணி நேரமும் கழியாமல் முதுகில் ஊசி போடுவதில்லை. ரத்த உறவினர் எவராவது அறுவைக்குப் பிறகு நெடுநேரம் மூச்சுவிட முடியாமல் கருவியில் இருந்தார் என்ற பேச்சு குடும்பத்தில் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சக்சமெத்தோனியத்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்கள் உண்டு, கர்ப்பத்தில் அந்த நொதி மேலும் 25 விழுக்காடு குறைகிறது. கர்ப்பகால வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஏறிக்கொண்டிருந்தால் தசைத் தளர்ச்சி மருந்தின் வேலை நீளும். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை, அரை தோசையாகவே இருந்தாலும், மறைக்காமல் சொல்ல வேண்டும்.